இணையச் சேவை அழைப்புகளில் பயனர் அமர்வு: தொடங்குவோருக்கு ஒரு விளக்கம்

கீழ்கோத்தகிரிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் உள்ள பசுந்தேயிலைக் கொள்முதல் மையத்தை எடுத்துக்கொள்வோம். விவசாயிகள் பறித்து வந்த இலையை மையத்துப் பணியாளர் எடை போட்டு, அங்கத்தினர் எண்ணையும் கிலோ அளவையும் கைபேசிச் செயலி ஒன்றில் பதிகிறார். செயலி அந்தக் கணக்கைத் தன்னோடு வைத்துக்கொள்வதில்லை. சென்னையிலோ மும்பையிலோ உள்ள தரவு மையத்தில் இயங்கும் சர்வரை இணையத்தின் வழியே அழைத்து, இன்ன அங்கத்தினர் பெயரில் இத்தனை கிலோ என்று தெரிவிக்கிறது. இப்படி ஒரு நிரல் தொலைவில் உள்ள மற்றொரு நிரலை இணையத்தின் வழியே அழைத்து வேலை வாங்குவதே இணையச் சேவை அழைப்பு. பணியாளர் காலையில் ஒருமுறை பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து நுழைந்த பிறகு, மாலை வரை ஒவ்வொரு எடைக்கும் அவற்றை மீண்டும் கேட்டால் வரிசையில் நிற்பவர்கள் பொறுக்க மாட்டார்கள். ஆனால் ஒவ்வொரு எடையையும் பதிந்தவர் இவர்தான் என்பது சர்வருக்கு ஐயமின்றித் தெரிந்தாக வேண்டும். இவ்விரண்டையும் ஒருசேர நிறைவேற்றும் ஏற்பாடுதான் பயனர் அமர்வு. தொழிலில் இருப்பவர்கள் அதைச் செஷன் என்றே சொல்வார்கள்.

இந்த ஏற்பாடு ஏன் தனியாகத் தேவைப்படுகிறது என்றால், இணையச் சேவைகளில் பெரும்பாலானவை இயங்கும் எச்.டி.டி.பி. என்ற தகவல் பரிமாற்ற நெறிமுறைக்கு நினைவு என்பதே கிடையாது. ஒரு கோரிக்கை வருகிறது, ஒரு பதில் போகிறது, அத்தோடு அந்த விவகாரம் முடிந்தது. அடுத்த நொடியில் அதே கைபேசியிலிருந்து வேறொரு கோரிக்கை வந்தாலும், நெறிமுறையைப் பொறுத்தவரை அது முன்பின் அறியாத ஒருவரிடமிருந்து வந்ததுதான். ஒரே இணைப்பைத் திறந்து வைத்து அதன் வழியே பல கோரிக்கைகளை அனுப்ப முடியும் என்றாலும், இணைப்பை அடையாளமாகக் கொள்ள முடியாது. அது எப்போது வேண்டுமானாலும் அறுந்து புதிதாக ஏற்படலாம். ஐ.பி. முகவரியும் உதவாது. கைபேசி நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பல சந்தாதாரர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன. கோத்தகிரியிலிருந்து குன்னூருக்குப் போகும் பாதையில் இணைப்பு விட்டு விட்டு வரும்போது ஒருவருடைய முகவரியே மாறிவிடவும் கூடும். எனவே யார் அழைக்கிறார் என்பதற்கான சான்று ஒவ்வொரு கோரிக்கைக்குள்ளும் இருந்தாக வேண்டும். 1994-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய லூ மொன்டுல்லி உருவாக்கிய குக்கி இதற்காக வந்த தொடக்ககால வழி. இன்றும் மிகப் பரவலாகப் புழங்கும் வழியும் அதுவே.

குக்கி இயங்கும் முறை எளியது. முதல் பதிலில் சர்வர் செட்-குக்கி என்ற ஹெடரில் (கோரிக்கைக்கும் பதிலுக்கும் முன்னால் செல்லும் தகவல் வரியில்) ஒரு மதிப்பை அனுப்புகிறது. அதைப் பெற்றவர் பத்திரப்படுத்தி, அதே சர்வருக்குச் செல்லும் அடுத்தடுத்த கோரிக்கைகளில் குக்கி என்ற ஹெடரில் திருப்பி அனுப்புகிறார். அந்த மதிப்பு பெரும்பாலும் பொருளற்ற ஒரு நீண்ட எழுத்துச் சரமாகத்தான் இருக்கும். அரசு மருத்துவமனையின் ஓ.பி. சீட்டை நினைத்துக்கொண்டால் இது விளங்கும்: சீட்டில் இருப்பது ஓர் எண், நோய் விவரமும் மருந்து விவரமும் மருத்துவமனைப் பதிவேட்டில் இருக்கின்றன, சீட்டை நீட்டினால் பதிவேட்டில் உரிய பக்கம் திறக்கும். அமர்வு எண் அப்படிப்பட்ட சீட்டு. ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. ஓ.பி. சீட்டின் எண்கள் வரிசையாக வருவதில் பெரிய கேடு இல்லை. அமர்வு எண்கள் வரிசையாக வந்தால், தன் எண்ணோடு ஒன்றைக் கூட்டி அடுத்தவருடைய அமர்வுக்குள் எவரும் நுழைந்துவிடலாம். ஆகவே அந்த எண் ஊகிக்கவே முடியாதபடி தற்செயலாக உருவாக்கப்பட வேண்டும். குறைந்தது 64 பிட் அளவுக்கு ஊகிக்க இயலாத தன்மை வேண்டும் என்பது இணையப் பாதுகாப்புக்கான ஓவாஸ்ப் அமைப்பின் பரிந்துரை. இதை நாமே நிரல் எழுதி உருவாக்க முற்படாமல், நிரல்மொழியோடும் கட்டமைப்போடும் (ஃப்ரேம்வொர்க்) வரும் வசதியைப் பயன்படுத்துவதே அறிவுடைமை.

உலாவி செய்வதை நிரல் செய்வதில்லை

தொடக்கநிலையாளர்கள் மிகுதியாகத் தடுமாறுவது இந்த இடத்தில்தான் என்பதால் சற்று நின்று பார்க்க வேண்டும். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வருகிற வாகனங்களுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயமாக்கப்பட்டது. அதற்கோ வேறெதற்கோ ஒருவர் உலாவியில் பக்கம் பக்கமாக விண்ணப்பத்தை நிரப்பும்போது, குக்கியை வாங்குவதையும் திருப்பி அனுப்புவதையும் உலாவி சத்தமில்லாமல் செய்துவிடுகிறது. அதனால் இணையத்தளம் எழுதிப் பழகிய ஒருவருக்கு, அமர்வு என்பது சர்வர் தானாகவே பார்த்துக்கொள்ளும் ஒன்று என்ற எண்ணம் உருவாகிவிடுகிறது. அதே சர்வரை அவர் ஒரு நிரலிலிருந்து அழைக்கும்போது, உள்நுழைவு அழைப்பு வெற்றி பெறுகிறது. அடுத்த அழைப்பிலேயே, நீங்கள் உள்நுழையவில்லை என்று பதில் வருகிறது. சர்வரில் பிழை தேடி ஒரு நாள் போகும். பிழை சர்வரில் இல்லை. அழைக்கும் நிரல் தனக்குக் கொடுக்கப்பட்ட சீட்டை வாங்கிய கையோடு எறிந்துவிட்டது.

ஒவ்வொரு மொழியிலும் இதற்கு ஒரு முகம் உண்டு. பைத்தானின் ரிக்வெஸ்ட்ஸ் நூலகத்தில் கெட், போஸ்ட் செயல்களை நேரடியாக அழைத்தால், ஓர் அழைப்பில் வந்த குக்கி அடுத்த அழைப்புக்குப் போகாது. அந்நூலகத்தின் செஷன் பொருளை ஒன்று உருவாக்கி, அதன் வழியாக எல்லா அழைப்புகளையும் செய்தால்தான் போகும். மைக்ரோசாஃப்டின் பழைய ஏ.எஸ்.பி. டாட் நெட் இணையச் சேவைகளில் சிக்கல் இரு முனையிலும் இருந்தது. சேவையின் ஒவ்வொரு வெப் மெத்தடிலும் (வெளியிலிருந்து அழைக்கக்கூடிய செயலிலும்) எனேபிள் செஷன் என்பதை உண்மை என்று குறித்தாக வேண்டும், ஏனெனில் இயல்பாக அது அணைந்தே இருக்கும். அழைக்கும் பக்கத்தில் சேவைக்குப் பிரதிநிதியாக நிற்கும் ப்ராக்ஸி பொருளில் குக்கி கன்டெய்னர் ஒன்றை நாமே வைத்தாக வேண்டும், ஏனெனில் இயல்பாக அது வெறுமையாக இருக்கும். ஒரு முனையைச் சரிசெய்துவிட்டு மற்றதை மறப்பவர்கள் ஏராளம். ஜாவாவின் ஜே.ஏ.எக்ஸ்-டபிள்யூ.எஸ். முறையிலும் அமர்வைத் தொடர வேண்டும் என்று அழைப்பவர் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்; சொல்லாவிட்டால் தொடராது. எக்ஸ்.எம்.எல். செய்திகளாக அழைக்கும் சோப் முறைக்குப் பி.எச்.பி. தரும் சோப் கிளையன்ட் குக்கியைத் தானே வைத்துக்கொள்கிறது, ஆனால் அந்தப் பொருள் இருக்கும் வரைதான். ஒவ்வொரு அழைப்புக்கும் புதிய பொருளை உருவாக்கும் நிரலில் அது பயனற்றுப் போகிறது. உலாவிக்குள்ளேயே இயங்கும் ஜாவாஸ்கிரிப்டின் ஃபெட்ச் கூட, வேறொரு தளத்துச் சேவையை அழைக்கும்போது, கிரெடென்ஷியல்ஸ் என்ற அமைப்பை மாற்றினால் ஒழியக் குக்கியை அனுப்பாது.

எனவே தொலைநிலை அழைப்பில் அமர்வைச் சுமக்கும் பொறுப்பு அழைக்கும் நிரலுடையது. குக்கிக்குப் பதிலாக, உள்நுழைவின் பதிலிலேயே ஒரு டோக்கனை, அதாவது அடையாளச் சரத்தைப் பெற்று, அதை ஒவ்வொரு கோரிக்கையிலும் ஆத்தரைசேஷன் ஹெடரில் நாமே வைத்து அனுப்பும் வழக்கம் இன்று வலுப்பெற்றிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். 2012-இல் வெளியான ஓஆத் 2.0 என்ற அனுமதித் தரநிலை இவ்வழக்கத்துக்கு ஒரு பொது வடிவம் கொடுத்தது. குக்கியா ஹெடரா என்ற விவாதத்தில் கைபேசிச் செயலியைப் பொறுத்தவரை நான் ஹெடரின் பக்கம். எது போகிறது, எப்போது போகிறது என்பது நிரலில் கண்ணுக்குத் தெரியும் என்பதே காரணம். எந்த வழியானாலும், அமர்வு எண்ணை இணைய முகவரியின் (யூ.ஆர்.எல்.) பகுதியாக அனுப்பக் கூடாது. முகவரிகள் சர்வரின் பதிவுக் கோப்புகளிலும், இடையிலிருந்து கோரிக்கைகளைக் கடத்திவிடும் ப்ராக்ஸி சர்வர்களின் பதிவுகளிலும் எழுதப்பட்டுவிடும். அவற்றைப் படிக்க வாய்ப்புள்ள எவர் கையிலும் அந்த அமர்வு போய்ச்சேரும்.

அமர்வுக்குள் எதை வைப்பது

அமர்வு கிடைத்தவுடன் அதற்குள் எல்லாவற்றையும் கொட்டிவைக்கும் ஆசை வரும். கொள்முதல் மையச் செயலியை ஒருவர் இப்படி வடிவமைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்: முதல் அழைப்பில் மையத்தைத் தேர்வு செய்வது, இரண்டாவது அழைப்பில் அங்கத்தினரைத் தேர்வு செய்வது, மூன்றாவது அழைப்பில் எடையை மட்டும் அனுப்புவது. முதல் இரண்டு தேர்வுகளையும் சர்வர் அமர்வில் குறித்து வைத்திருப்பதால், மூன்றாவது அழைப்பில் வெறும் 38 என்ற எண்ணை அனுப்பினால் போதும். காகிதத்தில் பார்க்க நேர்த்தியாகத் தெரியும். இரண்டாவது அழைப்பு சர்வரைச் சென்றடையாமல் மூன்றாவது மட்டும் சென்றடைந்தால் என்ன ஆகும்? அமர்வில் இன்னும் முந்தைய அங்கத்தினரே இருக்கிறார். ஒருவர் கொண்டுவந்த 38 கிலோ இலை மற்றொருவர் கணக்கில் ஏறிவிடும். எந்த இடத்திலும் பிழைச் செய்தி தோன்றாது. மாதக் கணக்குப் பார்க்கும்போதுதான் சச்சரவு வரும். பனி மூடிய நாளில் சிக்னல் விட்டு விட்டுக் கிடைக்கும் ஹட்டிகளில் (படகர் ஊர்களில்) இதைத் தற்செயல் என்று ஒதுக்கிவிட முடியாது.

ஆதலால் நான் வலியுறுத்த விரும்புவது ஒன்றுதான்: அமர்வில் யார் என்பது மட்டும் இருக்கட்டும், என்ன வேலை நடக்கிறது என்பது இருக்க வேண்டாம். ஒவ்வொரு எடைப் பதிவின் அழைப்பும் மைய எண், அங்கத்தினர் எண், எடை, நேரம் ஆகிய அனைத்தையும் தன்னோடு எடுத்துச் செல்ல வேண்டும். அப்போது எந்த அழைப்பு தொலைந்தாலும் அது மட்டுமே தொலைகிறது. மற்றொன்றின் பொருள் மாறுவதில்லை. ராய் ஃபீல்டிங் 2000-இல் தம் முனைவர் பட்ட ஆய்வேட்டில் ரெஸ்ட் என்ற கட்டமைப்பு முறையை வரையறுத்தபோது வைத்த நிபந்தனைகளுள் ஒன்றும் இதுவே: கோரிக்கையைப் புரிந்துகொள்ளத் தேவையான எல்லாம் கோரிக்கையிலேயே இருக்க வேண்டும், உரையாடலின் நிலை அழைப்பவரிடம் இருக்க வேண்டும். அந்த நிபந்தனையை எழுத்துக்கு எழுத்து கடைப்பிடித்தால் சர்வரில் அமர்வே இருக்கக் கூடாது. நடைமுறையில் பலரும் அடையாளத்தை மட்டும் சர்வரில் வைத்து, வேலையின் நிலையைக் கோரிக்கையில் வைக்கிறார்கள். அதில் தவறு ஏதும் எனக்குத் தெரியவில்லை.

அமர்வில் பொருள்களைக் குவிப்பதால் வேறொரு விலையும் உண்டு. சர்வர் ஒன்றாக இருக்கும் வரை அமர்வு அதன் நினைவகத்தில் இருக்கலாம். சர்வர்கள் இரண்டாகும்போது, முதல் அழைப்பை ஏற்ற சர்வருக்குத் தெரிந்த அமர்வு இரண்டாவது சர்வருக்குத் தெரியாது. ஒரு பயனரை எப்போதும் ஒரே சர்வருக்கு அனுப்பும்படி ஏற்பாடு செய்யலாம்; அல்லது ரெடிஸ் போன்ற பொதுச் சேமிப்பில் எல்லாச் சர்வர்களும் அமர்வுகளை வைத்துக்கொள்ளலாம். பின்னது நல்லது, ஒரு சர்வர் விழுந்தாலும் அமர்வுகள் பிழைத்திருக்கும். இன்னொன்றையும் போகிற போக்கில் சொல்லிவிடுகிறேன்: பி.எச்.பி. இயல்பாக அமர்வைக் கோப்பாக வைத்து, ஒரு கோரிக்கை அதைப் பயன்படுத்தும் வரை பூட்டி வைக்கிறது. ஒரே பயனரின் ஐந்து அழைப்புகள் ஒரே நேரத்தில் வந்தால், அவை ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நடக்கும். சேவை மெதுவாக இருக்கிறது என்ற புகாருக்குப் பின்னால் சில வேளைகளில் இந்தப் பூட்டுதான் இருக்கிறது.

அமர்வின் ஆயுள்

எந்த அமர்வும் என்றென்றைக்கும் இருக்கக் கூடாது. ஆயுளை இரு வகையில் வரையறுப்பார்கள். பயனர் இவ்வளவு நேரம் எதுவும் செய்யாமல் இருந்தால் அமர்வு முடியும் என்பது ஒன்று. என்ன செய்துகொண்டிருந்தாலும் உள்நுழைந்து இவ்வளவு நேரத்தில் முடியும் என்பது மற்றொன்று. பலர் இதை முடிவு செய்வதே இல்லை. கட்டமைப்பு தரும் இயல்பு மதிப்பு ஓடிக்கொண்டிருக்கும். ஏ.எஸ்.பி. டாட் நெட்டில் அது 20 நிமிடம், ஜாவா நிரல்களை இயக்கும் டாம்கேட்டில் 30 நிமிடம், பி.எச்.பி.யில் 1440 நொடி, அதாவது 24 நிமிடம். அந்த 24 நிமிடமும் துல்லியமான எல்லை அன்று, அதன் பிறகு அமர்வு எந்த வேளையிலும் துப்புரவு செய்யப்படலாம் என்பதே அதன் பொருள். இந்த மதிப்புகள் கணிப்பொறி முன் அமர்ந்து தொடர்ந்து வேலை பார்ப்பவரை மனத்தில் கொண்டவை. இலை லாரியோடு ஊர் ஊராகப் போகும் பணியாளருக்கு இரு நிறுத்தங்களுக்கு இடையே அரை மணி நேரம் சிக்னல் இல்லாமல் போனால், அவர் முழு மூச்சாக வேலை செய்துகொண்டிருந்தாலும் சர்வரின் கண்ணுக்கு அவர் சும்மா இருக்கிறார்.

அதற்காக ஆயுளை ஒரு மாதமாக நீட்டிவிடுவது தீர்வாகாது. கைபேசி தொலைந்தால் எடுத்தவருக்கும் அந்த ஒரு மாதம் கிடைக்கும். பொருத்தமான வழி, இரண்டு டோக்கன்களை வைத்துக்கொள்வது. ஒன்று குறுகிய ஆயுள் கொண்டது, பத்து பதினைந்து நிமிடம் என்று வைக்கலாம். ஒவ்வொரு அழைப்பிலும் இதுவே போகும். மற்றொன்று நீண்ட ஆயுள் கொண்ட புதுப்பிப்பு டோக்கன். முதல் டோக்கன் காலாவதியாகும்போது புதியதைப் பெற மட்டும் இது பயன்படும். புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் சர்வர் தன் பதிவேட்டைப் பார்க்கிறது என்பதால், கைபேசி தொலைந்த செய்தி வந்தவுடன் அந்தப் புதுப்பிப்பு டோக்கனைச் செல்லாததாக்கிவிட்டால், எடுத்தவருக்கு மிஞ்சுவது அதிகபட்சம் சில நிமிடங்களே. இந்த டோக்கன்களைச் சாதாரணக் கோப்பில் எழுதி வைக்காமல், ஆண்ட்ராய்டில் கீஸ்டோர், ஐபோனில் கீசெயின் ஆகிய பாதுகாப்பு வசதிகளைக் கொண்டு காக்க வேண்டும்.

அமர்வு முடிந்துவிட்டது என்பதை அழைக்கும் நிரல் எப்படி அறிந்துகொள்கிறது என்பதில் சில பொறிகள் உண்டு. முறையான சேவை 401 என்ற எண்ணைத் திருப்பும். உன் அடையாளச் சான்று இல்லை அல்லது செல்லாது என்பது அதன் பொருள். 403 என்பது வேறு: நீ யார் என்று தெரிகிறது, ஆனால் இந்த வேலைக்கு உனக்கு அனுமதி இல்லை. 403 வந்தால் மறுபடி உள்நுழைந்து பயன் இல்லை. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதும் செயலி பயனரை உள்நுழைவுத் திரைக்கும் வேலைத் திரைக்கும் இடையே ஓயாமல் அலைக்கழிக்கும். சோப் முறைச் சேவைகளில் பிழைகள் 500 என்ற எண்ணோடு வருவதே வழக்கம் என்பதால், உள்ளே உள்ள ஃபால்ட் பகுதியைப் படித்தால்தான் அது அமர்வு முடிந்த செய்தியா, சர்வர் உண்மையிலேயே பழுதா என்று தெரியும். மிகவும் குழப்புவது மூன்றாவது வகை. இணையத்தளமாக எழுதப்பட்டு, பின்னர் சேவையாகவும் பயன்படுத்தப்படும் சில சர்வர்கள், அமர்வு முடிந்தால் பிழை எண் தராமல் உள்நுழைவுப் பக்கத்துக்குத் திருப்பிவிடும். அழைக்கும் நிரலுக்கு 200 என்ற வெற்றி எண்ணும் ஓர் எச்.டி.எம்.எல். பக்கமும் கிடைக்கும். நிரல் அதை ஜேசன் என்ற தரவு வடிவம் என்று நம்பிப் படிக்க முயன்று, முதல் எழுத்தே எதிர்பாராத கோணக்குறி (<) என்று முறையிடும். அந்தப் பிழைச் செய்தியைப் பார்த்தால் முதலில் அமர்வைச் சந்தேகிக்க வேண்டும்.

401 வந்தால் டோக்கனைப் புதுப்பித்து, அதே அழைப்பை ஒருமுறை மட்டும் மீண்டும் செய்ய வேண்டும். மறுபடியும் 401 வந்தால் பயனரிடம் கடவுச்சொல் கேட்க வேண்டும். செயலி ஒரே நேரத்தில் பல அழைப்புகளைச் செய்யும்போது எல்லாவற்றுக்கும் ஒன்றாக 401 வரும். ஒவ்வொன்றும் தனித்தனியே புதுப்பிக்க முயன்றால் சிக்கல்தான். பல சேவைகளில் புதுப்பிப்பு டோக்கன் ஒருமுறை பயன்படுத்தியதும் மாறிவிடும். பழையது இரண்டாம் முறை வந்தால், யாரோ திருடிவிட்டார்கள் என்று கருதிச் சர்வர் அந்தப் பயனரின் அமர்வு முழுவதையும் முடித்துவிடும். எனவே புதுப்பிப்பை ஓர் அழைப்பு மட்டும் செய்ய, மற்றவை அதன் முடிவுக்காகக் காத்திருக்கும்படி பூட்டு ஒன்றை அமைக்க வேண்டும். டோக்கன் காலாவதியாகிவிட்டதா என்று கைபேசியின் கடிகாரத்தை மட்டும் நம்பி முடிவு செய்வதும் ஆகாது. கைபேசியில் நேரத்தைக் கையால் மாற்றி வைத்திருப்பவர்கள் உண்டு.

மீண்டும் அழைப்பதில் அமர்வைத் தாண்டிய ஓர் ஆபத்தும் உண்டு. எடைப் பதிவு சர்வரைச் சென்றடைந்து, பதில் மட்டும் வழியில் தொலைந்தால், செயலி அதைத் தோல்வி என்று எண்ணி மீண்டும் அனுப்பும். ஒரு மூட்டை இலை இரு மூட்டையாகக் கணக்கில் ஏறும். ஒவ்வொரு எடைக்கும் கைபேசியே ஒரு தனித்த எண்ணை உருவாக்கி அனுப்பினால், அதே எண் மறுபடி வரும்போது சர்வர் புதிதாகப் பதியாமல் முந்தைய பதிலையே திருப்பித் தரலாம். இது அமர்வு மேலாண்மையின் பகுதி இல்லை என்று சிலர் வாதிடக் கூடும்; அமர்வு முடிந்து மீண்டும் அழைக்கும் எந்த நிரலுக்கும் இது தேவைப்படுகிறது என்பதால் இங்கே சொல்கிறேன்.

சிக்னல் இல்லாத நேரத்துப் பதிவுகள் கைபேசியில் வரிசையாகச் சேமிக்கப்பட்டு, சிக்னல் வந்ததும் அனுப்பப்படும். அமர்வு முடிந்தால் செயலியின் தற்காலிகத் தரவை எல்லாம் அழித்துவிடும் வழக்கம் சில நிரல்களில் இருக்கிறது. இங்கே அப்படிச் செய்தால் காலை முழுதும் எடை போட்ட கணக்கு போய்விடும். அமர்வு முடிந்தாலும் வரிசை இருக்க வேண்டும். அதே கைபேசியில் மாலையில் வேறொரு பணியாளர் உள்நுழைந்தால், காலைப் பதிவுகள் யார் பெயரில் போகும் என்ற கேள்வியும் எழும். பதிவு ஒவ்வொன்றும் தன்னைப் பதிந்தவரின் எண்ணைத் தாங்கியிருக்க, சர்வர் அமர்விலிருந்து அனுப்பியவரை அறிந்து, பதிந்தவர், அனுப்பியவர் என இரண்டையும் தனித்தனியே குறித்துக்கொள்வது இதற்கு நேர்மையான விடை.

இங்கே ஜே.டபிள்யூ.டி. பற்றியும் சொல்லியாக வேண்டும். 2015-இல் தரநிலையாக வெளியான இந்த டோக்கன் வடிவத்தைத்தான் தொடக்கநிலையாளர்கள் முதலில் கேள்விப்படுகிறார்கள். இதில் பயனர் யார், எப்போது காலாவதி என்ற விவரங்கள் டோக்கனுக்குள்ளேயே எழுதப்பட்டு, சர்வரின் கையொப்பத்தோடு வருகின்றன. மருத்துவமனை உவமையில் சொன்னால் இது எண் மட்டும் உள்ள சீட்டு அன்று, மருத்துவர் கையெழுத்திட்ட கடிதம். பதிவேட்டைத் திறக்காமலே அதை நம்பலாம். அந்த வசதியே அதன் குறையும் ஆகிறது: கொடுத்த கடிதத்தைத் திரும்பப் பெற வழியில்லை. காலாவதி ஆகும் வரை அது செல்லும். இடையில் செல்லாததாக்க வேண்டுமானால் தடைப் பட்டியல் ஒன்றைச் சர்வர் ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும், அப்போது பதிவேட்டைத் தவிர்த்த ஆதாயம் போய்விடுகிறது. மேலும், அதன் உள்ளடக்கம் கையொப்பமிடப்பட்டதே ஒழிய மறைக்கப்பட்டது அன்று. டோக்கன் கையில் உள்ள எவரும் அதைப் பிரித்துப் படிக்கலாம். ஆதார் எண், வங்கிக் கணக்கு எண் போன்றவற்றை அதற்குள் எழுதிவைப்பவர்களைத் தடுத்து நிறுத்த வேண்டும். ஒரே ஒரு சர்வரை வைத்து நடக்கும் சிறிய சேவைக்கு ஜே.டபிள்யூ.டி. அவசியம் என்று நான் கருதவில்லை. சாதாரண அமர்வு எண் போதும், முடிக்கவும் எளிது.

நடுவில் மற்றொரு சர்வர் இருந்தால்

இதுவரை பார்த்தது கைபேசிக்கும் சர்வருக்கும் இடைப்பட்ட ஓர் அமர்வு. தேயிலைத் தொழிற்சாலையின் அலுவலகத்தில் எழுத்தர்கள் உலாவியில் பயன்படுத்தும் கணக்குத் தளம் ஒன்று இருக்கிறது, அது விவசாயிகளுக்கான தொகையை அனுப்ப வெளியே உள்ள கட்டணச் சேவையை அழைக்கிறது என்று வைத்துக்கொண்டால், அமர்வுகள் இரண்டாகின்றன: எழுத்தருக்கும் தொழிற்சாலைத் தளத்துக்கும் ஒன்று, தொழிற்சாலைத் தளத்துக்கும் கட்டணச் சேவைக்கும் மற்றொன்று. இவை தனித்தனியே பிறக்கின்றன, தனித்தனியே முடிகின்றன. எழுத்தரின் அமர்வு உயிரோடு இருக்கையில் கட்டணச் சேவையின் அமர்வு முடிந்துபோகலாம். அப்போது எழுத்தரை வெளியேற்றுவது அநாவசியம், தளமே பின்னணியில் புதுப்பித்துக்கொள்ள வேண்டும்.

மிகக் கொடிய பிழை இங்கேதான் நேரும். கட்டணச் சேவை தந்த டோக்கனை நடுச் சர்வர் எல்லாருக்கும் பொதுவான ஒரு மாறியில் வைத்துவிடுகிறது. ஓர் எழுத்தர் மட்டும் சோதிக்கும்போது எல்லாம் சரியாக இருக்கும். இரண்டாவது எழுத்தர் உள்நுழைந்ததும் அவருடைய டோக்கன் முதலாமவருடையதன் மேல் எழுதப்பட்டு, முதலாமவர் செய்யும் வேலைகள் இரண்டாமவர் பெயரில் நடக்கத் தொடங்கும். மாறியைப் பொதுவில் வைக்காதவர்களும் இதே பள்ளத்தில் வேறு வழியாக விழுவதுண்டு: டாட் நெட்டின் எச்.டி.டி.பி. கிளையன்ட் பொருளை எல்லாப் பயனர்களுக்கும் பகிர்ந்து பயன்படுத்துவது பரிந்துரைக்கப்பட்ட வழக்கம். ஆனால் அதனுள் கோரிக்கைகளை அனுப்பும் ஹேண்ட்லர் இயல்பாகவே குக்கிகளைச் சேமித்து வைக்கும் என்பதால், ஒருவருக்கு வந்த குக்கி மற்றவர் அழைப்பிலும் போகும். யூஸ் குக்கீஸ் என்ற அமைப்பை அணைத்துவிட்டு, உரிய பயனரின் குக்கியை ஒவ்வொரு கோரிக்கையிலும் நாமே வைப்பது பாதுகாப்பானது. வெளிச் சேவையின் டோக்கன் எப்போதும் எழுத்தரின் சொந்த அமர்வோடு பிணைக்கப்பட்டு, அவர் வெளியேறும்போது அதுவும் முடிக்கப்பட வேண்டும்.

வெளிச் சேவைக்கு எழுத்தர் யார் என்பது தேவையில்லை, தொழிற்சாலை என்ற ஓர் அடையாளம் போதும் என்றால் வேலை எளிதாகிவிடும். தளம் தனக்கென ஒரே ஒரு சேவைக் கணக்கில் உள்நுழைந்து, அந்த ஒரு டோக்கனை எல்லா அழைப்புகளுக்கும் பயன்படுத்தலாம்; எந்த எழுத்தர் எதைச் செய்தார் என்பதைத் தன் பதிவேட்டில் தானே எழுதிக்கொள்ளலாம். வெளிச் சேவை ஆளுக்கு ஆள் வேறுபட்ட அனுமதிகளைத் தரும்போது மட்டும் தனித்தனி அமர்வுகளின் தொல்லையை ஏற்றுக்கொள்ளலாம்.

பாதுகாப்பில் மீதமுள்ளவை சுருக்கமானவை. எல்லா அழைப்புகளும் மறைகுறியாக்கப்பட்ட எச்.டி.டி.பி.எஸ். வழியே போக வேண்டும். உள்நுழைவு வெற்றி பெற்றவுடன் அமர்வு எண்ணைப் புதிதாக மாற்ற வேண்டும். இல்லையேல் உள்நுழைவதற்கு முன்பே ஒருவர் திணித்த எண், உள்நுழைந்த பிறகும் செல்லுபடியாகும். வெளியேறும் பொத்தான் கைபேசியில் உள்ள டோக்கனை அழிப்பதோடு நில்லாமல், சர்வரிலும் அமர்வை முடிக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் நல்ல இணைப்புள்ள அலுவலக அறையில் அமர்ந்து சோதித்தால் எந்தக் குறையும் தென்படாது. சோதனைச் சர்வரில் டோக்கனின் ஆயுளை ஒரு நிமிடமாகக் குறைத்துவிட்டு, இரண்டு கைபேசிகளில் இரு வேறு பயனர்களாக உள்நுழைந்து, ஒன்றை விமானப் பயன்முறையில் போட்டு நான்கைந்து எடைகளைப் பதிந்து, மூன்று நிமிடம் கழித்து இணைப்பைத் திறக்க வேண்டும். எல்லாப் பதிவுகளும் ஒரே ஒருமுறை, உரிய அங்கத்தினர் கணக்கில், உரிய பணியாளர் பெயரில் சர்வரில் ஏறியிருக்கின்றனவா என்று தரவுத்தளத்திலேயே பார்க்க வேண்டும். செயலியின் திரையில் தோன்றும் பச்சைக் குறியை மட்டும் நம்பக் கூடாது. அதன் பிறகு நடுச் சர்வரை மறுதொடக்கம் செய்து, இதையே இன்னொரு முறை செய்து பார்க்க வேண்டும்.